சருகைத் தொடாதவன்

மனித குலம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை ஒரு காட்டை முறையாகச் சும்மா விட்டவர் எவரும் இல்லை. அப்படி விடப்போகிற முதல் மனிதன் ஒலிந்தோ. இதைச் சொன்னவனும் ஒலிந்தோதான். அர்ஜியாவின் காபிக்கடையில் நின்றுகொண்டே, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான். மழைக்கு ஒதுங்கியிருந்த பாதி ஊரும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. எங்கள் இத்தாலிய மலையூர் மொந்தெபீஜோவில் பெரிய விஷயங்களுக்கு உடனே சிரிக்கிற வழக்கம் இல்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் சிரிப்போம்.

"சும்மா விடுறதுன்னா எப்படி?" என்றாள் அர்ஜியா, கோப்பையைத் துடைத்தபடி. கடையும் அவளுடையது, ஊர்ச் சபையின் தலைமையும் அவளுடையது. இரண்டையும் ஒரே துணியால்தான் துடைப்பாள்.

"வெட்ட மாட்டேன். புல்லறுக்க மாட்டேன். ஒட்டுக்கட்டின இடத்துக்குக் கீழ முளைக்கிற தளிரை ஒடிக்க மாட்டேன். முக்கியமா, கூட்ட மாட்டேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "கூட்ட மாட்டியா?"

"காடு என்ன அத்தை, விருந்தாளி வர்ற கூடமா? உலகத்துல எந்த ஊர்லயாவது காட்டைக் கூட்டிப் பெருக்குவாங்களா? நாமதான் மரத்தடியை உங்க அடுப்படியைவிடச் சுத்தமா வெச்சிருக்கோம்."

"என் அடுப்படியை எதுக்குடா இழுக்குற?"

"ஒரு உவமைக்குத்தான்."

"உவமைக்கு உங்க வீட்டு அடுப்படியைச் சொல்லு. அதைத்தான் உங்கம்மா பூட்டிட்டுப் போயிட்டாளே."

அது உண்மைதான். ஒலிந்தோவின் அம்மா, அதாவது என் பெரியம்மா, முந்தின வருடம்தான் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கடற்கரைப் பக்கம் போயிருந்தாள். போகும்போது மலைச்சரிவில் இருந்த மரங்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். கீழ்ப்பாதி மகள் நீவெஸுக்கு. மேல்பாதி ஒலிந்தோவுக்கு. பீசா பல்கலைக்கழகத்தில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம். அவன் காட்டுத் தாவரங்களைப் பற்றிப் படித்தான். நான் அவன் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலையில் கொட்டை தரும் செஸ்ட்நட்டைத் தவிர வேறு எதையும் மரம் என்று யாரும் சொல்வதில்லை. மற்றவை விறகு. அதிலும் மரம் வேறு, அது நிற்கும் மண் வேறு. மண் ஊர்ப்பொது. மரம், அதன் கீழே கூட்டுகிறவருக்கு. கோடை வெயில் தணிந்ததும் புல்லை அறுத்து, போன வருடத்துச் சருகையும் பெரணியையும் பழைய முள்கூடுகளையும் சருகுவாரியால் இழுத்து, கீழே கல்சுவரோரம் குவித்துவிட வேண்டும். அப்புறம் முள்கூடு வெடித்துக் கொட்டை விழுந்தால், விழுந்த இடத்திலேயே பளபளக்க வேண்டும். கூட்டிய தரை என்றால் ஆள் இருக்கிறது என்று பொருள். கூட்டாத தரையில் யார் வேண்டுமானாலும் கூடையோடு நுழையலாம். ஏழு இலையுதிர்காலம் தொடர்ந்து கூட்டாமல் கிடந்தால் மரம் ஊருக்குத் திரும்பிவிடும். ஊர் அதைக் கேட்கிறவருக்குக் கொடுக்கும். இது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால் இதை யாராலும் கிழித்துப்போட முடிந்ததில்லை.

ஒலிந்தோ மேல்பாதியில் ஒவ்வொரு மரத்தின் நிழலிலும் முளை அடித்து, ஆரஞ்சு நிறக் கயிற்றால் சதுரம் கட்டினான். ஒவ்வொரு செப்டம்பரிலும் சதுரத்துக்குள் என்னென்ன செடி வகைகள் இருக்கின்றன என்று எண்ணுவான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அக்காவின் கீழ்ப்பாதியிலும் அதே மாதிரி சதுரங்கள். அங்கே அவள் வழக்கம்போல அறுத்துக் கூட்டலாம். மேலே சருகைத் தொடக்கூடாது. ஏழு வருடத் தரவு சேர்ந்ததும், மனிதக் கை படாத காடுதான் செழிக்கும் என்று அவன் ஆய்வேடு சொல்லும். உலகம் துடைப்பத்தைக் கீழே போடும்.

முதல் இரண்டு வருடங்கள் அவனுக்குப் பொற்காலம். முள்கொடி வந்தது. பெரணி இடுப்புயரம் எழுந்தது. எங்கிருந்தோ செர்ரிக் கன்றும் ஆஷ் கன்றும் வந்தன. ஓக் வந்த கதை தனி: நீலச்சிறகுப் பறவை ஒன்று குளிர்காலத்துக்கென்று ஓக் கொட்டைகளைப் புதைத்து வைக்கும், பாதியை மறந்துவிடும். செஸ்ட்நட் தோப்பு ஓக் காடாக மாறுவது பெரும்பாலும் அந்தப் பறவையின் ஞாபகமறதியால்தான். ஒலிந்தோ எண்ணிக்கையைக் காபிக்கடையில் நின்று வாசிப்பான், தேர்தல் முடிவு வாசிக்கிற மாதிரி. வெயில் விழும் விளிம்புகளில் மஞ்சள் பூப்பூக்கும் துடைப்பச்செடிகூட வந்தது. எங்கள் ஊர்த் துடைப்பங்கள் அதில்தான் கட்டப்படுகின்றன. காடே துடைப்பத்தை வளர்த்து அவன் கையில் நீட்டியது. அவன் அதன் லத்தீன் பெயரை எழுதிக்கொண்டு நகர்ந்தான்.

கூட்டாத தரை என்பதால் இலையுதிர்காலம் வந்தால் ஊரே அவன் தோப்பில்தான். முட்களை விலக்கிக்கொண்டு கூடையோடு நுழைவார்கள். அவன் அவர்களைத் தடுத்ததில்லை. காட்டுப்பன்றி, எலி, நீலச்சிறகுப் பறவை, அர்ஜியா என்று விதை தின்னும் விலங்குகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டான்.

மூன்றாவது வருடத்திலிருந்து எண்ணிக்கையைக் கடையில் வாசிப்பது நின்றது.

காரணம் மிகவும் எளிமையானது. செஸ்ட்நட் இலை மக்குவதற்கு அவசரப்படுகிற இலை அல்ல. செருப்புத்தோல் மாதிரி கிடக்கும். ஒரு வருடத்துச் சருகுக்குமேல் மறு வருடத்துச் சருகு படியும்போது அடியில் இருக்கும் சின்ன விதைக்கு வானம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகும். மேலே பெரணி ஒரு கூரை, அதற்கு மேலே ஆஷ் கன்றுகள் இன்னொரு கூரை. கீழே இருட்டு. ஆனால் அக்காவின் கீழ்ப்பாதியில், கூட்டி அறுத்த தரையில், வெயில் காசு காசாக விழுந்தது. அங்கே வயலட், மணிப்பூ, காட்டு ஸ்ட்ராபெரி, புள்ளி போட்ட இலையோடு ஒரு ஆர்க்கிட் என்று வருடா வருடம் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன.

"இந்த வருஷம் எத்தனைடா?" என்று நீவெஸ் கேட்பாள்.

"தரவு இன்னும் முதிரலை."

"என் பக்கம்?"

"உன் பக்கம் இருக்குறது செயற்கையான வளம்."

"ஏன், பிளாஸ்டிக் பூவா?"

நீவெஸ் கீழே பள்ளத்தாக்கு ஊரில் மருந்துக்கடையில் வேலை செய்தாள். வார நாட்களில் வெள்ளைக் கோட்டு, சனி ஞாயிறில் சருகுவாரி. காட்டைப் பற்றி அவளுக்குத் தத்துவம் எதுவும் கிடையாது. புல்லுக்குள் கொட்டை தேடுவது முதுகுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

இப்படி ஆறாவது செப்டம்பர் வந்தது. மாதக் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் ஒலிந்தோவும் நானும் காபிக்கடைக்குப் போனோம். அர்ஜியா எங்களைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள். துணியையும் கீழே வைத்தாள். அது நல்ல அறிகுறி அல்ல.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சபை ஆளுங்களோட தோப்புகளைச் சுத்திப் பார்க்க வர்றோம். உன் மேல்பாதிக்கு இது ஏழாவது."

"ஆறாவது" என்றான் ஒலிந்தோ. "நான் எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்? அடுத்த வருஷம்தான் ஏழு. அதுக்குள்ள ஆய்வு முடிஞ்சுடும், அப்புறம் நானே வந்து உங்ககிட்டப் பேசுறேன்."

"நீ கயிறு கட்டின நாள்லேர்ந்து எண்ணுற. ஊரு கூட்டாத நாள்லேர்ந்து எண்ணுது. உங்கம்மா கப்பல்காரரைப் பார்க்கப் போனாளே, அந்த வருஷம் யாரு கூட்டினா?"

ஒலிந்தோ விரல்விட்டு எண்ணினான். ஏழாவது விரலில் நின்றான்.

"மனசு வேற எங்கயோ இருக்கும்போது கூட்டத் தோணாது" என்றாள் அர்ஜியா. "ஊரு அதைப் புரிஞ்சுக்கும். ஆனா கணக்குலேர்ந்து கழிக்காது."

மூலையில் உட்கார்ந்திருந்த வாஸ்கோ தொண்டையைச் செருமினான். வாஸ்கோவின் தொழில் கம்பு. திராட்சைத் தோட்டங்களுக்கு ஊன்றுகம்பு வெட்டி அனுப்புகிறவன். மலையின் இந்தப் பக்கம் அவன் பேசினால் அந்தப் பக்கம் நாய் குரைக்கும்.

"தம்பி, கவலைப்படாத. மேல்பாதியை நான் கேட்டிருக்கேன். நல்லாப் பார்த்துக்குவேன்."

"வெட்டுவே" என்றான் ஒலிந்தோ.

"வெட்டினா செஸ்ட்நட் செத்தா போயிடும்? அடியிலேர்ந்து முப்பது தளிர் நேரா எழும். ஒரு கிழவனை எடுத்துட்டு முப்பது பிள்ளையைக் கொடுக்குறேன். இயற்கைதானே? நீதான் படிச்சிருக்க, நீயே சொல்லு."

அவன் சொன்னதில் தாவரவியல் பிழை எதுவும் இல்லை. அதுதான் ஒலிந்தோவை அதிகம் வாட்டியது. மேல்பாதியில் நின்ற மரங்கள், மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதவை. கம்பு வெட்டுகிற தோப்பில் அந்த மாதிரி மரம் மறுபடி உருவாகவே உருவாகாது. கம்பு தடிக்கும் முன்பே அடுத்த வெட்டு வந்துவிடும்.

ஆக, நிலைமை இதுதான். கூட்டினால் ஆறு வருட ஆய்வு செத்தது. கூட்டாவிட்டால் மரமே செத்தது. சாகும் மரத்தின் கீழே ஆய்வு மட்டும் எங்கே உட்காரும்?

அன்றிலிருந்து ஒலிந்தோவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் கை ஆடும். கரண்டியால் மேசையைத் தட்டுவான், மேசையை எடுத்துவிட்டால் முழங்காலைத் தட்டுவான். மலைக்குக் கிளம்புவான், முதல் வளைவிலிருந்து திரும்பி வருவான். காற்று வேறு தெற்கிலிருந்து வீசிக்கொண்டே இருந்தது. முள்கூடுகள் இன்னும் பச்சை. ஆனாலும் ஒன்றிரண்டு முன்கூட்டியே விழுந்தன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின்மேல் டொப் என்று ஒன்று விழும்போதெல்லாம் அவன் ஜன்னலுக்கு ஓடினான், யாரோ கூப்பிட்ட மாதிரி.

"உட்காருடா" என்றேன்.

"உட்கார்ந்துட்டுத்தானே இருக்கேன்" என்றான், நடந்துகொண்டே.

மறுநாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. நேராக அர்ஜியாவிடம் போனான்.

"அத்தை, காட்டுப்பன்னி மேல்பாதி பூரா மூக்கால கிளறிப் போட்டிருக்கு. சருகெல்லாம் ஒதுங்கித் தரை தெரியுது. அதையே கூட்டினதா ஏத்துக்கலாமே?"

"தாராளமா ஏத்துக்கலாம். பன்னி கூட்டினா மரம் பன்னிக்கு. ஞாயித்துக்கிழமை அதை வரச் சொல்லு, பேரு கேட்டுக்குறோம்."

"பன்னிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான் வாஸ்கோ மூலையிலிருந்து. "இவனைவிட அது நியாயமாப் பேசும்."

அடுத்த யோசனைக்கு நாங்கள் பஸ் ஏறிப் பள்ளத்தாக்கு ஊருக்குப் போனோம். மருந்துக்கடையில் கூட்டம் இல்லை. நீவெஸ் வெள்ளைக் கோட்டில் இருமல் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒலிந்தோ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, கிசுகிசுப்பான குரலில் பேசினான். பின்னால் நின்ற ஒரு பெரியவர் மரியாதையாக இரண்டடி விலகிக்கொண்டார், வேறு என்னவோ மருந்து கேட்கிறான் என்று.

"அக்கா. நீ கூட்டு. எனக்குத் தெரியாம."

"எதை?"

"மேல்பாதியை. நான் பீசாவுக்குப் போயிடுறேன். திரும்பி வந்து பார்த்தா யாரோ கூட்டியிருக்காங்க. நான் அதிர்ச்சி அடைஞ்சுக்குறேன்."

"முட்டாளே, நான் கூட்டினா மரம் எனக்கு வந்துடும்."

"வரட்டும்."

"வந்தா வருஷா வருஷம் நான்தானே கூட்டணும்? கீழ்ப்பாதிக்கே என் முதுகு போச்சு. இந்தா பாரு" என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள், கோட்டின்மேலேயே வலி தெரியும் என்பதுபோல. "எனக்கு உன் மரம் வேண்டாம்டா. ஆனா வாஸ்கோ வெட்டினான்னா முதல் மழைக்கே மேல இருக்குற மண்ணெல்லாம் என் தலையிலதான் இறங்கும். அதனால ஒண்ணு சொல்றேன். நீயே கூட்டு."

"என்னால முடியாது."

"உனக்குக் கை இல்லையா?"

"கொள்கை இருக்கு."

நீவெஸ் ஒரு கெமோமில் தேநீர்ப் பொட்டலத்தை எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டாள். "சூடா குடி. அப்புறம் பேசுவோம். எத்தோரே, இவனைக் கூட்டிட்டுப் போ. பின்னால நிக்கிறவர் பயப்படுறார்."

பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். கால் ஆடிக்கொண்டே இருந்தது. முன்சீட்டுப் பெண்மணி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் என் கையை அவன் முழங்கால்மேல் அழுத்தி வைத்தேன். என் கையும் சேர்ந்து ஆடியது.

வெள்ளிக்கிழமை, இந்த வருடத்து எண்ணிக்கையை எடுத்துவிடலாம் என்று மேலே போனோம். என்ன ஆனாலும் அதையாவது காப்பாற்றலாம் என்றான். அக்காவின் கீழ்ப்பாதி வழியாக ஏறும்போது அவன் தரையைப் பார்க்காமல் நடந்தான். மேல்பாதிக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பட்டென்று குறைந்தது. முள்கொடி காலைப் பிடித்தது. பெரிய மரங்களுக்கு நேர்கீழே முள்கொடிகூட இல்லை. சருகு மட்டும்தான். பழுப்பு, அதற்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே இன்னொரு கறுப்பு.

முதல் மரத்தின் சதுரத்தருகே மண்டியிட்டான். ரொம்ப நேரம் பார்த்தான். நான் ஒரு அடிமரத்தில் சாய்ந்து காத்திருந்தேன்.

"எத்தனை?"

"நாலு."

"முதல் வருஷம் எத்தனை?"

"நாலுல ஒண்ணு பாசி" என்றான்.

"பாசியைச் சேர்க்கலாமா?"

"சேர்த்தாத்தான் நாலு."

நானும் குனிந்து பார்த்தேன். ஒரு பெரணி, ஒரு ஐவிக் கொடி, பாசி. நான்காவது ஒரு செஸ்ட்நட் கன்று. ஊரார் கண்ணிலும் பன்றி மூக்கிலும் படாமல் தப்பிய ஏதோ ஒரு கொட்டையிலிருந்து முளைத்திருந்தது. விரல் நீளத் தண்டு, நோயாளி மாதிரி வெளுத்து, வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாக நீண்டு வளைந்திருந்தது. உச்சியில் மூன்று இலை. பக்கத்திலேயே இன்னொரு தண்டு, காய்ந்தது. போன வருடத்துக் கன்று.

ஒலிந்தோ காய்ந்த தண்டைத் தொட்டான். ஒடிந்தது. அண்ணாந்து பார்த்தான். நானும் பார்த்தேன். ஆஷ் கன்றுகள் இப்போது கன்றுகள் இல்லை. கிழட்டு மரத்தின் கிளைகளுக்குள் ஊசி மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. அவை ஏறிய இடங்களில் செஸ்ட்நட்டின் கீழ்க்கிளைகள் பட்டையுரிந்து, வெள்ளையாக, எலும்பு மாதிரி நின்றன. செஸ்ட்நட்டால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், தலைக்குமேல் இன்னொருவர் நிற்பதைத் தவிர. தன் சொந்தப் பிள்ளையைக்கூடத் தன் நிழலில் வளர்க்கத் தெரியாத மரம் அது.

"இயற்கையா விட்டா இன்னும் நூறு வருஷத்துல இங்க அருமையான ஓக் காடு இருக்கும்" என்றான்.

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ரொம்ப நல்லது." பிறகு அடிமரத்தில் கை வைத்து, "இவங்க இருக்க மாட்டாங்க" என்றான். இவங்க என்று அவன் மரங்களைச் சொன்னான். ஆறு வருடத்தில் அவற்றை லத்தீன் பெயரால் அல்லாமல் அவன் குறிப்பிட்டதை நான் கேட்டது அப்போதுதான்.

எழுந்து திரும்பியபோது அடிமரத்தில் நீலச் சுண்ணக்கட்டியால் போட்ட ஒரு கோடு இருந்ததைப் பார்த்தோம். அடுத்த மரத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். வாஸ்கோ முன்கூட்டியே அளந்துவிட்டுப் போயிருக்கிறான். ஒலிந்தோ சட்டைக் கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். சட்டைதான் நீலமானது.

சனிக்கிழமை காலை நான் எழுந்தபோது அவன் படுக்கை காலியாக இருந்தது. பீசாவுக்குப் போயிருப்பான், அதிர்ச்சி அடையத் தயாராக, என்று நினைத்தேன். மதியம் நீவெஸ் போன் செய்தாள். "என் தோப்புல நிக்கிறேன். மேல ஏதோ சத்தம் கேட்குது. பன்னியா?"

"பன்னி பகல்ல வராதே."

"அதான் கேட்குறேன். நாளைக்கு விடிஞ்சதும் வா. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு. பன்னின்னா எனக்குப் பயம் இல்லை. அவனா இருந்தா என்ன சொல்றதுன்னு தெரியலை."

அன்று இரவும் அவன் வீடு திரும்பவில்லை. ஞாயிறு காலை ஏறினோம். தூரத்திலிருந்தே கேட்டது. சர்ர்ர். கொஞ்சம் இடைவெளி. சர்ர்ர். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அந்தச் சத்தம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஒலிந்தோ சரிவின் நடுவில் நின்றிருந்தான். பாதிக்கு மேல் முடித்திருந்தான். கைகளில் முள் கீறிய கோடுகள். ஒரு பக்கம் அறுத்த பெரணி, இன்னொரு பக்கம் வெட்டிச் சாய்த்த ஆஷ் தண்டுகள். கூட்டிய இடத்தில் மண் ஈரமாக, கறுப்பாக, கூச்சத்தோடு தெரிந்தது. எங்களைப் பார்த்தான். பார்க்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தான்.

"என்னடா பண்ற?" என்றேன்.

"மாதிரி எடுக்குறேன்."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

அவன் கூட்டுவதைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது. ஆறு வருடமாகச் சருகைத் தொடாதவன், சருகுவாரியைத் துடுப்பு மாதிரிப் பிடித்திருந்தான். இழுத்த சருகில் பாதி காலுக்கடியில் திரும்பி வந்தது. நீவெஸின் விரல்கள் தானாகவே மடங்கி விரிந்தன. ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, தொடாத. ஒரு வாரி இழுத்தாலும் அந்த மரம் உன்னுது."

அவள் கையை உதறிவிட்டுக் கல்சுவர்மேல் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான் அவளால் முடிந்தது.

"மேலேர்ந்து கீழ இழுடா! சரிவு உனக்கு உதவட்டும்!"

ஒலிந்தோ நிமிர்ந்தான். "வாயால கூட்டினா மரம் யாருக்கு?"

"வாய்க்கு மரம் கிடையாது. இருந்திருந்தா இந்த மலையே உன்னுது."

அவன் மேலே ஏறிப் போய், மேலிருந்து கீழே இழுத்தான். சருகு ஒரு போர்வை சுருளுகிற மாதிரி உருண்டு வந்தது. நீவெஸ் பெருமூச்சு விட்டாள்.

கீழே கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பூசை முடிந்துவிட்டது. இன்னும் ஏழெட்டு மரங்கள் மீதி. ஒலிந்தோ வேகத்தைக் கூட்டினான். கழற்றிப் போட்டிருந்த சட்டையால் முகத்தைத் துடைத்தான், நெற்றி நீலமானது. பாதையில் பேச்சுக்குரல்கள் ஏறி வந்தன. வாஸ்கோவின் குரல் மற்ற குரல்களுக்கு முன்னால், தனியாக நடந்து வந்தது.

"...முதல்ல அந்தக் கோடி மரம். அதுலேர்ந்தே ஐம்பது கம்பு..."

கடைசி வளைவில் குரல்கள் நின்றன. நாங்கள் மூவரும் அவர்களுக்குத் தெரியவில்லை, வளைவு மறைத்தது. சர்ர்ர் என்றது சருகுவாரி.

"கேட்குதா?" என்றாள் அர்ஜியா.

"அது காத்து."

"காத்துக்கு இப்படி மூச்சு வாங்காது வாஸ்கோ."

"போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே? எத்தனை மரம் மீதி இருக்குன்னாவது..."

"எதுக்கு? கூட்டுற சத்தம் கேட்டாச்சு. ஆள் இருக்கு. வா, அடுத்த சரிவைப் பார்ப்போம். உன் சுண்ணக் கோட்டையெல்லாம் வந்து அழிச்சுட்டுப் போ, இன்னிக்கில்லைன்னாலும் நாளைக்கு."

வாஸ்கோ ஏதோ சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. எதிர்ச்சரிவில் ஒரு நாய் குரைத்தது. குரல்கள் மெல்ல இறங்கித் தேய்ந்தன.

நீவெஸ் என் காதருகே குனிந்தாள். கண்ணில் ஈரம், உதட்டில் குறும்பு. "அவங்க போயிட்டாங்கன்னு சொல்லாத. சொன்னா நிறுத்திடுவான்."

நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. வாஸ்கோ பேசியது மலைக்கு அந்தப் பக்கத்து நாய்க்கே கேட்டிருக்கிறது.

ஒலிந்தோ சருகுவாரியை ஊன்றி நின்று, பாதை பக்கம் ஒரு தடவை பார்த்தான். கால் ஆடவில்லை. கை ஆடவில்லை. பிறகு திரும்பிப் போனான். அடுத்த மரத்தின் கீழே சதுரத்தருகே மண்டியிட்டு, நான்கு முளைகளிலும் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கயிற்றைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சதுரம் இருந்த இடத்திலிருந்து சருகைக் கீழ்நோக்கி இழுக்கத் தொடங்கினான்.